சபைகள் ஒன்றாக வேண்டாம், நல்ல அண்டை வீடாக இருந்தால் போதும்

கேள்வி

ஐயா, வணக்கம். போச்சம்பள்ளிப் பக்கம் ஒரு கிராமம் எங்களுடையது. அரசுப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். எங்கள் ஆலயம் என் தாத்தா காலத்தில் கட்டியது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் ஏழெட்டுக் குடும்பங்கள் பிரிந்துபோய், இடையில் ஒரு சந்து மட்டும் விட்டு, அடுத்த மனையில் தகரக் கொட்டகை போட்டு வேறு சபை தொடங்கின. என் தங்கை குடும்பமும் அதில் ஒன்று. அவள் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்து, நகைகளையும் கழற்றிவிட்டாள். அவர்கள் எங்களைப் 'பெயர்க் கிறிஸ்தவர்கள்' என்கிறார்கள். எங்கள் ஆட்கள் அவர்களை 'அல்லேலூயாக் கூட்டம்' என்கிறார்கள். இப்போது அந்தச் சபையில் காலனிக்காரர்கள்தான் அதிகம்.

ஞாயிறு காலையில் இரண்டு ஒலிபெருக்கிகளும் ஒன்றையொன்று பார்த்துக் கத்துகின்றன. சென்ற கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் வீடு வீடாகப் பாடிச் செல்லும் இரண்டு கீத பவனிகளும் ஒரே தெருவில் எதிர்ப்பட்டன. ஒருவரை ஒருவர் மிஞ்சிப் பாடியதில் கடைக்காரர் கதவை இழுத்துச் சாத்திவிட்டார். ஆகஸ்டில் எங்கள் பெரியப்பா இறந்தபோது, அந்தச் சபைக்குப் போய்ச் சந்தா கட்டாமல் விட்டவர் என்று சொல்லி, எங்கள் கல்லறைத் தோட்டத்தில் இடம் தர மறுத்துவிட்டார்கள். பெரியம்மாவின் கல்லறைக்குப் பக்கத்திலேயே இடம் காலியாக இருந்தது. உடலை மாலை வரை வீட்டில் வைத்திருந்து, கடைசியில் ஊராட்சிச் சுடுகாட்டில் ஓர் ஓரமாக அடக்கம் செய்தோம். இப்போது கமிட்டியில் சிலர், அந்தக் கொட்டகைக்கு அனுமதி இல்லை என்று ஆட்சியரிடம் மனு கொடுக்கக் கையெழுத்து வாங்குகிறார்கள்.

வருகிற மே மாதம் தங்கை மகளுக்கு அந்தச் சபையில் திருமணம். போகிறவர்களின் பெயரைத் திருவிருந்து (நற்கருணை) பெறுவோர் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவோம் என்று கமிட்டியில் சொல்கிறார்கள். நான் பெண்கள் ஐக்கிய சங்கத்தின் செயலர். தங்கை கழற்றிக் கொடுத்த அம்மாவின் தோடு என்னிடம் இருக்கிறது. அதை அவள் மகளுக்குச் சீராகக் கொண்டுபோகலாம் என்று நினைக்கிறேன். நான் திருமணத்துக்குப் போகலாமா? இரண்டு சபைகளையும் ஒன்றாக்க வழி உண்டா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

திருமணத்துக்குப் போங்கள். இதில் யோசிக்க ஒன்றுமில்லை. மணமகளுக்கு நீங்கள் பெரியம்மா. முதல் நாள் மாலையே போய்விடுங்கள். பந்தியில் நின்று பரிமாறுங்கள். மறுநாள் ஆராதனையில் உறவுக்காரர்கள் உட்காரும் வரிசையில் உட்காருங்கள். பெயரை எடுத்துவிடுவோம் என்கிறவர்களிடம் பணிவாக ஒன்று கேளுங்கள்: எந்த விதியின்படி எடுக்கிறீர்கள் என்று எழுத்தில் கொடுங்கள். ஒருவரைத் திருவிருந்திலிருந்து விலக்குவது, சபையின் போதகரான ஆயர் விசாரித்து, உரியவரிடம் விளக்கம் கேட்டு, மேலிடத்துக்கும் தெரிவித்துச் செய்யவேண்டிய பெரிய காரியம். கமிட்டியில் நாலு பேர் பேசி முடிவுசெய்கிற விஷயமல்ல அது. வழக்கறிஞராகவும் சமரச மையத்தில் சமரசராகவும் இப்படிப்பட்ட தகராறுகளோடு நெடுங்காலம் பழகியவன் நான். வாய்மொழி மிரட்டல்களில் பெரும்பகுதி தாளுக்கு வருவதே இல்லை.

திருமணத்தைப் பற்றி இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு மறந்துவிடும். கிறிஸ்தவத் திருமணத்தை நடத்திவைக்க யாருக்கு அதிகாரம் உண்டு என்பதை 1872-ம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம் சொல்கிறது. தனிச் சபை நடத்தும் பாஸ்டர் என்றால், அந்தச் சட்டத்தின்கீழ் அரசு கொடுத்த உரிமம் அவரிடம் இருக்கவேண்டும். பலரிடம் இருக்கிறது, சிலரிடம் இல்லை. இல்லாவிட்டால் உரிமம் பெற்ற வேறொரு போதகரை அழைத்துக்கொள்ளலாம், அல்லது திருமணப் பதிவாளர் முன்னிலையில் நடத்தலாம். 2009-ம் ஆண்டின் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி எல்லா மதத்தவரும் திருமணத்தைப் பதிவு செய்தாகவேண்டும். நாளைக்குச் சொத்தில் ஒரு சிக்கல் என்னும்போது அந்தப் பெண்ணுக்கு இது தேவைப்படும். தங்கையிடம் இப்போதே கேளுங்கள். அந்தச் சபையில் குற்றம் கண்டுபிடிக்கிற குரலில் கேட்காமல், மகள் நலத்தில் அக்கறை உள்ள அக்காவாகக் கேளுங்கள்.

இரண்டாவது கேள்விக்கு என் பதில் உங்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். இரண்டு சபைகளையும் ஒன்றாக்க முயலாதீர்கள். அது உங்களால் ஆகாது. அதை எதிர்பார்த்துக் காத்திருந்தால் இந்த வருடமே தீர்க்கக்கூடிய காரியங்களும் தள்ளிப்போகும்.

தென்னிந்தியாவில் சபைகள் ஒன்றான வரலாற்றைப் பாருங்கள். 1919 மே மாதம் தரங்கம்பாடியில் பல சபைகளைச் சேர்ந்த போதகர்கள் கூடி, இனியும் பிரிந்து கிடக்கக்கூடாது என்று அறிக்கை வெளியிட்டார்கள். இன்றைய தெலங்கானாவில் உள்ள தோர்ணக்கல்லின் பேராயர் (பிஷப்) அசரியா அதில் முன்னால் நின்றவர்களில் ஒருவர். அந்த அறிக்கை பலித்துத் தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.) பிறந்தது 1947 செப்டம்பர் 27 அன்று, சென்னைப் பேராலயத்தில். நடுவே 28 ஆண்டுகள். நம் பழைய சேலம் மாவட்டத்தில் 1827 முதல் ஊழியம் செய்த லண்டன் மிஷன் வழிச் சபைகளும் அந்த இணைப்பில் சேர்ந்தவைதான். பேராயர் என்ற பதவியே இல்லாத மரபு அவர்களுடையது. மறுபக்கம் இங்கிலாந்துத் திருச்சபை வழிவந்த ஆங்கிலிக்கன் சபையோ பேராயர் கைவைத்துக் குருப்பட்டம் கொடுக்காமல் ஊழியமே இல்லை என்றிருந்தது. இந்த ஒரு முடிச்சிலேயே ஆண்டுகள் பல கழிந்தன. ஏற்கெனவே ஊழியத்தில் இருக்கிற போதகர்களுக்கு மறுபடி குருப்பட்டம் கொடுப்பதில்லை என்று இறங்கிவந்த பிறகுதான் கை கோத்தார்கள். படித்த, பக்தியுள்ள, ஒன்றாகவேண்டும் என்று மனதார விரும்பிய மனிதர்களுக்கே அத்தனை காலம் பிடித்தது.

அந்த வரலாற்றில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. எந்தக் கிராமத்தில் எந்தச் சபை என்பதைப் பெரும்பாலும் நம் தாத்தாக்கள் வேதத்தை ஆராய்ந்து தேர்ந்தெடுக்கவில்லை. மிஷன் சங்கங்கள் ஒன்றோடொன்று மோதாமல் இருக்க, இந்தப் பகுதி உனக்கு, அந்தப் பகுதி எனக்கு என்று தங்களுக்குள் பிரித்துக்கொண்டன. எந்த மிஷன் வந்ததோ அந்தச் சபையில் நாம் ஞானஸ்நானம் பெற்றோம். உங்கள் ஆலயத்தின் மீது உங்களுக்குள்ள பாசம் நியாயமானது, அது தாத்தாவின் வியர்வை. ஆனால் அந்தப் பாசத்தை உபதேசம், அதாவது விசுவாசக் கொள்கை, என்று நினைத்துக்கொண்டு எதிர்ச் சபைக்காரரோடு மல்லுக்கு நிற்பது சரியில்லை.

இந்த விஷயத்தில் நான் எப்போதும் எடுத்துச் சொல்வது வேதத்தின் ஆதியாகமத்தில் வரும் ஆபிராம், அவருடைய சகோதரன் மகன் லோத்து ஆகியோரின் கதை. இருவருடைய மேய்ப்பருக்குள்ளும் தகராறு வருகிறது. அந்த இடத்திலேயே, அக்காலத்தில் கானானியரும் பெரிசியரும் அத்தேசத்தில் குடியிருந்தார்கள் என்று ஒரு குறிப்பு வருகிறது. சண்டையைப் பார்த்துக்கொண்டு ஊரார் இருந்தார்கள் என்று பொருள். ஆபிராம் ஒன்றாகவே இருப்போம் என்று வற்புறுத்தவில்லை. நீ இடது பக்கம் போனால் நான் வலது பக்கம் போகிறேன் என்று, வயதில் மூத்தவராக இருந்தும், தேர்ந்தெடுக்கும் உரிமையை லோத்துக்கு விட்டுக்கொடுத்தார். பிரிந்தார்கள். அடுத்த அதிகாரத்தில் லோத்து சிறைபிடிக்கப்பட்டபோது, வீட்டில் பிறந்து கைபழகின 318 ஆட்களோடு புறப்பட்டுப் போய் மீட்டு வந்தவரும் அதே ஆபிராம்தான். இருவரும் அதன்பின் ஒரே கூடாரத்தில் வாழ்ந்ததாக எங்கும் எழுதியில்லை. அண்டையில் இருப்பவர்களுக்கு இதுவே போதுமான உறவு. உங்கள் ஊரில் பன்னிரண்டு வருடமாகப் பிரிவு இருக்கிறது. லோத்துக்கு ஆபத்து என்றால் ஓடிப்போகிற மனம்தான் இல்லை.

ஆகவே உண்மையான உபதேச வேறுபாடுகளை அப்படியே மரியாதையாக விட்டுவிடுங்கள். ஞானஸ்நானம் அதில் முதலாவது. குழந்தையில் பெற்றதைச் செல்லாது என்று சொல்லித் தண்ணீரில் மூழ்கவைக்கும்போது, அந்தக் குழந்தையை ஏந்திக்கொண்டு நின்ற அம்மாவையும் ஞானத் தாய் தகப்பனையும் சேர்த்துத்தான் செல்லாது என்கிறார்கள். உங்கள் சபைப் பெரியவர்களின் கோபத்துக்கு அடியில் இந்த வலி இருக்கிறது. அதை நான் சிறிதாக நினைக்கவில்லை. 1982-ல் பெரு நாட்டின் லீமாவில் பல சபைகளின் இறையியல் அறிஞர்கள் கூடி எழுதிய உடன்பாட்டில், மறு ஞானஸ்நானம் என்று தோன்றக்கூடிய எதையும் தவிர்க்கவேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். ஆனால் தனிச் சபைகளுக்கு அது கட்டளையல்ல. சுயமாக விசுவாசித்து எடுப்பதுதான் ஞானஸ்நானம் என்று உங்கள் தங்கை மனசாட்சியோடு நம்புகிறார். நீங்கள் வாதாடி அவரை மாற்றப்போவதில்லை, அவரும் உங்களை மாற்றப்போவதில்லை. மே மாதத்துக்குள் நிச்சயம் இல்லை.

நகையும் அப்படித்தான். அம்மாவின் தோட்டைச் சீராகக் கொண்டுபோகாதீர்கள். உங்கள் எண்ணம் அன்பானது, எனக்குத் தெரிகிறது. ஆனால் திருமண வீட்டில், எல்லோர் முன்னிலையிலும், நகை அணிவதில்லை என்று தீர்மானித்த குடும்பத்தின் தட்டில் தோட்டை வைத்தால் அது பேசும். வாங்கினால் அவர்கள் சபையில் தலைகுனிவு, மறுத்தால் உங்களுக்குத் தலைகுனிவு. பந்தி முடிவதற்குள் இரண்டு தெருவிலும் கதை பரவிவிடும். வேண்டாம். பித்தளைக் குத்துவிளக்கும் சில சபைகளில் கேள்விக்குள்ளாகும், அதையும் தவிர்த்துவிடுங்கள். பாத்திரமோ, பீரோவோ, பெண்ணின் பெயரில் அஞ்சலகச் சேமிப்போ கொடுங்கள்.

தோடு உங்கள் தங்கையின் உடைமை. அவர் கொடுத்துவைத்தாரா, கொடுத்தேவிட்டாரா என்பது உங்கள் இருவருக்கு மட்டுமே தெரியும். இத்தனை வருடத்தில் அவர் காதுத் துளைகூடத் தூர்ந்துபோயிருக்கும். ஆனாலும் அது அம்மாவின் காதில் இருந்த பொருள், அதன் நினைவு இரண்டு மகள்களுக்கும் பொது. திருமணமெல்லாம் முடிந்து வீடு அடங்கிய பிறகு, ஒரு நாள் நீங்கள் இருவர் மட்டும் இருக்கும்போது, "இது உன்னுடையது, என்னிடம் பத்திரமாக இருக்கிறது, என்ன செய்யலாம் சொல்" என்று கேளுங்கள். விற்றுப் பேத்தி படிப்புக்கு வைப்பதா, உங்களிடமே இருப்பதா என்பதை அவர் சொல்லட்டும். நகை போடாததில் அவர் உங்களைவிடப் பரிசுத்தராகிவிடவில்லை. போட்டிருப்பதால் நீங்களும் குறைந்தவரல்லர். இதை இருவரும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டால் நல்லது.

இனி நான் தயங்காமல் பேசவேண்டிய இடம். உங்கள் கடிதத்தில் ஒரு வரி இருக்கிறது: 'இப்போது அந்தச் சபையில் காலனிக்காரர்கள்தான் அதிகம்.' அதற்கு முன்னும் பின்னும் எந்த விளக்கமும் இல்லை. ஞானஸ்நானம், நகை, ஒலிபெருக்கி எல்லாவற்றுக்கும் காரணம் சொன்ன நீங்கள் இதை மட்டும் போகிறபோக்கில் எழுதிவிட்டுப் போயிருக்கிறீர்கள். சகோதரி, அதுதான் காரணமோ என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். பன்னிரண்டு வருடம் முன்பு ஏழெட்டுக் குடும்பம் பிரிந்தபோது இந்த அளவுக்குக் கோபம் இருந்ததா, அல்லது காலனியிலிருந்து ஆட்கள் வந்து உட்காரத் தொடங்கிய பிறகுதான் ஆட்சியரிடம் மனு கொடுக்கும் அளவுக்கு வளர்ந்ததா? கல்லறைத் தோட்டத்தின் கதவு பெரியப்பாவுக்காக மூடப்பட்டதா, அவரைத் திறந்துவிட்டால் நாளைக்கு அவர் சபையின் மற்றவர்களும் வருவார்கள் என்ற பயத்தில் மூடப்பட்டதா?

தமிழ்க் கிறிஸ்தவத்தில் இது புதிதல்ல. 1833-ல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாட்டை உடனே விட்டொழிக்கவேண்டும் என்று தென்னிந்திய மிஷன்களுக்குக் கடிதம் எழுதினார். சென்னை வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் சாதியை விடுவதைவிடச் சபையை விடுவது மேல் என்று வெளியேறினார்கள். அன்று முதல் இன்று வரை, உபதேசத்தின் பெயரில் நடந்த பிரிவுகளில் எத்தனை உண்மையில் உபதேசப் பிரிவுகள் என்று கணக்கெடுத்தால் நாம் வெட்கப்படவேண்டியிருக்கும். தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் வாழ்கிற நமக்கு இந்தக் கோடு எங்கே கொண்டுபோய் விடும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி மாவட்டம் நாயக்கன்கொட்டாய்ப் பக்கம், தலித் மக்கள் வாழும் நத்தம் காலனி எரிக்கப்பட்டதைப் பார்த்த மண் இது. சபைக் கமிட்டிக் கூட்டத்தில் 'காலனிக்காரர்கள்' என்ற சொல் வந்தால், அந்த இடத்திலேயே எழுந்து, பெயர் சொல்லிப் பேசுங்கள் என்று கேட்க ஒருவர் வேண்டும். நீங்கள் ஆசிரியை. அந்தத் தெருப் பிள்ளைகள் உங்கள் வகுப்பிலும் உட்கார்ந்திருப்பார்கள். உங்களைவிடத் தகுந்தவர் உங்கள் சபையில் இருப்பார் என்று நான் நினைக்கவில்லை.

பெரியப்பாவின் அடக்கத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படிக்கும்போதும் என்னால் அந்த இடத்தைத் தாண்டமுடியவில்லை. சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். ஊராட்சி மயானம் பொது இடம், அங்கே யாரையும் யாரும் தடுக்கமுடியாது. சபையின் கல்லறைத் தோட்டம் சபையின் சொத்து, அங்கே யாருக்கு இடம் என்று விதி வைத்துக்கொள்ளச் சபைக்கு உரிமை உண்டு. சொந்த நிலத்தில் புதைத்துவிடலாம் என்று யாராவது சொல்லியிருந்தால் அதைக் கேட்காதது நல்லதாயிற்று. கிராமப்புறங்களில் மயானமாக ஒதுக்கப்படாத இடத்தில் அடக்கம் செய்வதற்கு ஊராட்சி மயான விதிகள் இடம் தருவதில்லை. எனவே வழக்குப் போட்டிருந்தாலும் உங்களுக்கு உறுதியாக ஜெயம் என்று நான் சொல்லமாட்டேன்.

ஆனால் உரிமை இருக்கிறது என்பதால் செய்தது நியாயமாகிவிடாது. இறந்தவர் அந்த ஆலயத்தில் ஞானஸ்நானம் பெற்றவர், அங்கேயே மாலை மாற்றியவர். அவர் மனைவி அந்த மண்ணில் இருக்கிறார். கட்டாத சந்தா எவ்வளவு இருந்திருக்கும்? அதைக் கட்டிவிடுகிறோம் என்று பிள்ளைகள் சொல்லியிருப்பார்கள், அதையும் வாங்கியிருக்கமாட்டார்கள். பணம் அங்கே ஒரு சாக்கு. வெயிலில் பந்தலுக்கடியில் உடலை வைத்துக்கொண்டு, கமிட்டிக்காரர் ஒருவர் வீட்டிலிருந்து இன்னொருவர் வீட்டுக்கு நடந்த அந்தப் பிள்ளைகள் இதை மறக்கமாட்டார்கள். அவர்கள் பிள்ளைகளும் மறக்கமாட்டார்கள். உங்கள் ஊரில் இரண்டு சபைகளுக்கும் நடுவே இருக்கும் காயங்களில் மற்றவை எல்லாம் ஆறிவிடும். இது ஒன்றைத்தான் கையால் மருந்து போட்டு ஆற்றவேண்டும்.

உங்கள் சபைக் கமிட்டி ஒரு தீர்மானம் போடவேண்டும். இந்த ஆலயத்தில் ஞானஸ்நானம் பெற்ற எவரும், அல்லது கணவனோ மனைவியோ பெற்றோரோ பிள்ளையோ இந்தத் தோட்டத்தில் அடக்கமாகியிருக்கும் எவரும், இன்று எந்தச் சபைக்குப் போனாலும், இங்கே அடக்கம் பெறலாம். நிலுவைச் சந்தா இறந்தவரிடம் கேட்கப்படாது. அடக்கத்தின்போது அவருடைய சபைப் பாஸ்டரும் ஜெபிக்கலாம். இவ்வளவுதான். இதற்கு எந்த உபதேசமும் மாறவேண்டியதில்லை. இன்னொன்று, பெரியப்பாவின் பிள்ளைகள் சம்மதித்தால், பெரியம்மாவின் கல்லறைக் கல்லில் அவர் பெயரையும் வெட்டச் சொல்லுங்கள். அதற்கான செலவைக் கமிட்டி ஏற்கவேண்டும், குடும்பம் அல்ல. சபை வருந்துகிறது என்பதை வேறு எந்தப் பேச்சையும்விட அந்தச் செலவு தெளிவாகச் சொல்லும்.

ஆட்சியர் மனுவில் நீங்கள் கையெழுத்துப் போடாதீர்கள், பெண்கள் சங்கத்தில் யாரையும் போடவிடாதீர்கள். கிராமங்களில் வழிபாட்டுக் கட்டடம் எழுப்ப ஆட்சியரின் முன் அனுமதி வேண்டும் என்பது உண்மைதான். மனு போனால் என்ன நடக்கும் தெரியுமா? வருவாய் ஆய்வாளர் வந்து கொட்டகையின் ஆவணத்தைக் கேட்பார், சந்துக்கு இந்தப் பக்கம் திரும்பி உங்கள் ஆலயத்தின் ஆவணத்தையும் கேட்பார். தாத்தா காலத்துக் கட்டடம், பின்னால் நீட்டிய வராந்தா, புதிதாக எழுப்பிய கோபுரம், சுற்றுச்சுவர் ஆகியவற்றில் எதற்கு அனுமதி இருக்கிறது, எதற்கு இல்லை என்று உங்கள் கமிட்டிக்கே தெரிந்திருக்காது. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் நூற்றுக்கு ஆறு பேர்தான் கிறிஸ்தவர்கள், நம் இரண்டு மாவட்டங்களில் அதைவிட மிகவும் குறைவு. ஒரு சபை கொடுத்த மனுவால் பக்கத்துச் சபை பூட்டப்பட்டது என்ற முன்னுதாரணத்தை வைத்துக்கொண்டு நாளைக்கு யார் எதைக் கேட்பார்கள் என்பதையும் அவர்கள் யோசிக்கட்டும். இடையில் உள்ள சந்து பற்றியோ மனை எல்லை பற்றியோ உண்மையிலேயே தகராறு இருந்தால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வழக்குக்கு முந்தைய சமரசத்துக்கு விண்ணப்பிக்கலாம். இரு தரப்பையும் அழைத்துப் பேசவைப்பார்கள்.

ஒலிபெருக்கி விஷயத்தில் இரண்டு பேர் மேலும் தவறு இருக்கிறது. 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி எழுத்துமூல அனுமதி இல்லாமல் ஒலிபெருக்கி வைக்கக்கூடாது. இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் அறவே கூடாது. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல்தான் அளவு, கூம்பு ஒலிபெருக்கி அதைத் தாண்டாமல் ஒலிப்பதே அரிது. அதே ஆண்டு ஆகஸ்டில் சென்னைச் சபை ஒன்றுக்கும் அக்கம்பக்கத்துக் குடியிருப்போருக்கும் இடையிலான வழக்கில், மற்றவர்களின் அமைதியைக் கெடுத்துத்தான் ஜெபிக்கவேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இரண்டு கூம்புகளும் ஒரே நாளில் இறங்கவேண்டும். உள்ளே சிறிய பெட்டி ஒலிபெருக்கி போதும். உங்கள் ஆலயத்துக் கூம்பு முதலில் இறங்கட்டும் என்பது என் யோசனை. ஆபிராம்தான் மூத்தவர்.

அதைவிட முக்கியம் நேரம். போச்சம்பள்ளிச் சந்தை ஞாயிற்றுக்கிழமை. ஆடு விற்கப் போகிறவரும், காய்கறி மூட்டை இறக்கிவிட்டு வருகிறவரும், வாரச் சாமான் வாங்கப் போகிறவரும் இரண்டு சபையிலும் இருக்கிறார்கள். அதனால்தான் இருவருமே அதே காலை நேரத்தைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறீர்கள். பத்தடிச் சந்துக்கு இரு பக்கமும் இரண்டு பிரசங்கம் ஒரே நேரத்தில் கேட்டால் எதுவும் யார் மனதிலும் நிற்காது. உங்கள் சபை 7 மணிக்குத் தொடங்கி 8:30-க்கு முடிக்க, அவர்கள் 9 மணிக்குத் தொடங்கலாம். அவர்களுடைய ஆராதனை நீளமானது, பின்னால் இருப்பதே அவர்களுக்கும் வசதி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளவும் செய்யலாம். இதைப் போதகர்கள் இருவர் பேசினால் கௌரவம் குறுக்கே வரும். ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் சந்தைக்குப் போகிற இரண்டு பேரை உட்காரவைத்துப் பேசச் சொல்லுங்கள்.

நீங்கள் செயலராக உங்கள் கையில் இருப்பதைச் செய்ய ஒரு நாள் இருக்கிறது. மார்ச் மாத முதல் வெள்ளிக்கிழமை உலக ஜெப நாள். ஒவ்வொரு ஆண்டும் ஏதாவது ஒரு நாட்டின் பெண்கள் ஆராதனை முறையை எழுத, 170-க்கும் மேற்பட்ட நாடுகளில் பெண்கள் அதே முறையில் கூடி ஜெபிக்கிறார்கள். அது எந்த ஒரு சபைக்கும் சொந்தமல்ல, பெண்களுடையது. உங்கள் ஊரிலும் நடக்கும், அழைப்பு உங்கள் சபைக்குள் மட்டும் போயிருக்கும். இந்த ஆண்டு நீங்களே நேரில் சந்துக்கு அந்தப் பக்கம் போய், அந்தச் சபையின் பெண்களையும், பக்கத்தில் கத்தோலிக்கக் குடும்பங்கள் இருந்தால் அவர்களையும் அழையுங்கள். இரண்டு சபைக் கட்டடங்களிலும் வைக்காமல் உங்கள் பள்ளிக்கருகே ஏதாவது ஒரு வீட்டுத் திண்ணையில் வையுங்கள். வேத வாசிப்பை அவர்களில் ஒருவரிடம் கொடுங்கள். யார் கண்ணை மூடி உரக்க ஜெபித்தாலும், யார் புத்தகத்தைப் பார்த்து வாசித்து ஜெபித்தாலும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிக்கக்கூடாது என்று உங்கள் பக்கத்துப் பெண்களிடம் முன்பே சொல்லிவையுங்கள். முதல் ஆண்டு நாலு பேர் வந்தால் அதுவே நிறைய.

கீத பவனிக்கு இன்னும் மாதங்கள் இருக்கின்றன. தெருக்களைப் பங்கிட்டுக் கிழமை குறித்துக்கொண்டால் முடிந்தது. கதவைச் சாத்திய கடைக்காரரின் தெருவுக்கு மட்டும் இரண்டு சபையும் சேர்ந்து ஒரே குழுவாகப் போங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அவர் பார்த்தது சண்டையைத்தான். வேறொன்றையும் அவர் பார்க்கவேண்டும்.

'பெயர்க் கிறிஸ்தவர்கள்', 'அல்லேலூயாக் கூட்டம்' என்ற இரண்டு சொற்களையும் உங்கள் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அவர்களுக்கு அவை எங்கிருந்து வந்தன என்பதும் தெரிந்திருக்கும். அந்தப் பாஸ்டர் தன் மக்களைத் திருத்தட்டும், நீங்கள் உங்கள் வகுப்பில் தொடங்குங்கள்.

இவற்றில் எல்லாவற்றையும் ஒரே கூட்டத்தில் கொண்டுபோகாதீர்கள். கல்லறைத் தீர்மானம் முதலில், அதுவும் தனியாக. அதற்கு முன் உங்கள் ஆயரை வீட்டில் பார்த்து, பெரியப்பாவின் மூத்த மகனையும் கூட அழைத்துப் போய், அன்று நடந்ததை அவர் வாயாலேயே சொல்லவையுங்கள். கமிட்டி எப்போது கூடுகிறது என்று தெரிந்ததும் எழுதுங்கள், சபையின் சட்ட விதிப் புத்தகத்தின் நகல் ஒன்றையும் அனுப்புங்கள். தீர்மானத்தின் வாசகத்தை அதற்கு ஒத்துப்போகும்படி எழுதித் தருகிறேன்.